உப்பு தாங்கும் நெல்: கண்டல் மரத்தின் மரபணு எங்கள் வயலுக்கு வருமா?

கொட்டியாரத்தான் (மூதூர்)

எங்கள் வட்டை மகாவலி கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட. மேல் வயல்களில் சிக்கல் இல்லை. குடாப் பக்கம் இருக்கும் கீழ்த் துண்டுகளில்தான் சிறுபோகம் வந்தால் தலையிடி. ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிறது. வரம்போரம் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். பயிரின் கீழ் இலைகள் நுனியில் வெளிறி, சுருண்டு, பிறகு கருகும். குருத்து மட்டும் பச்சையாக நிற்கும். பார்க்கிறவர்கள் "பசளை காணாது" என்பார்கள். பசளை போட்டால் இன்னும் மோசம்.

போன சிறுபோகம் ஒரே வரம்பின் ஒரு பக்கம் ஏ.ரி. 354, மறுபக்கம் பக்கத்து வயல்காரரின் பி.ஜி. 352. முன்னது தப்பித் தவறி நின்றது, பின்னது வட்டம் வட்டமாகச் செத்தது. அதாவது இனத்துக்கு இனம் வித்தியாசம் இருக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவன் நான்.

இப்போது என் மகன் ஒரு காணொளி காட்டினான். சென்னையில் கண்டல் மரத்தின் மரபணுவை எடுத்து நெல்லுக்குள் வைத்திருக்கிறார்களாம், உப்புத் தண்ணீரில் வளர்கிறதாம். கண்டலுக்கு எங்கள் பக்கம் பஞ்சமே இல்லை. மூன்று கேள்வி: இது உண்மையா? எங்களுக்கு எப்போது கிடைக்கும்? இலங்கையில் விதைக்கச் சட்டம் விடுமா?

உயிரியல் சேர் (திருகோணமலை நகர்)

உண்மைதான். சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வெண்கண்டல் மரத்திலிருந்து மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் செலுத்தியது. பழைய செய்தி. உங்கள் மகன் இப்போதுதான் பார்த்திருக்கிறான்.

இரண்டாவது கேள்விக்கு நேரான பதில்: உப்புத் தாங்கவென்று வேறு உயிரின் மரபணு ஏற்றிய நெல் உலகில் எங்குமே வணிக ரீதியாக விதைக்கப்படவில்லை. ஏன் என்பதுதான் சுவாரசியம்.

வெண்கண்டலின் இலையை ஒரு நாள் நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். இலையில் உப்பை வெளியே தள்ளும் சுரப்பிகள் இருக்கின்றன; காய்ந்த நாளில் பொடி உப்பாகவே படிந்திருக்கும். வேரும் உள்ளே வரும் தண்ணீரிலிருந்து பெரும்பங்கு உப்பை வடித்துவிடுகிறது. இத்தனைக்கும் எத்தனையோ மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அதில் ஒன்றையோ இரண்டையோ எடுத்து நெல்லில் வைத்தால் நெல் கண்டலாகிவிடாது.

நெல்லுக்கு உப்பு இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. முதலாவது உடனே நடப்பது: வயலில் தண்ணீர் நிற்கும், ஆனால் வேரால் அதை இழுக்க முடியாது. உயர்தரத்தில் பிரசாரணம் (உப்புக் கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் ஊர்வது) படித்தவர்களுக்கு இது விளங்கும். இரண்டாவது மெதுவாக நடப்பது: சோடியம் தண்ணீரோடு மேலே ஏறி இலையில் சேர்ந்துகொண்டே போகும். பழைய இலையில்தான் அதிகம் சேரும். நீங்கள் சொன்ன "கீழ் இலை கருகும், குருத்துப் பச்சை" என்பது இதுதான்.

பொக்காளி என்ற கேரளத்து நெல்லும் வங்காளத்து நோனா பொக்ராவும் இந்த இரண்டாவது கெடுதலைத் தடுப்பதில் கெட்டிக்காரர்கள். வேரின் காழ்க்கலன் ஓரத்தில் இருக்கும் ஒரு புரதம், மேலே போகும் தண்ணீரிலிருந்து சோடியத்தைத் திருப்பி இழுத்துவிடுகிறது. இதற்குரிய மரபணுவை 2005-இல் நோனா பொக்ராவில் கண்டுபிடித்தார்கள். உங்கள் ஏ.ரி. 354 அம்பலாந்தோட்டையில் சாதாரண ஒட்டுமுறையில் உருவானது; அதில் பொக்காளியின் வழி இருக்கிறது. உங்கள் வரம்பில் நீங்கள் கண்ட வித்தியாசம் அநேகமாக அங்கிருந்து வருவது.

கிண்ணியா நானா

சேர், உப்பில் வளரும் தக்காளி என்று ஒரு காலத்தில் பத்திரிகையில் பெரிதாகப் போட்டார்களே, அது என்னவாயிற்று? அப்போது எனக்கு மீசை கறுப்பு.

உயிரியல் சேர்

நானா கேட்பது 2001-இல் வந்த ஆய்வு. சோடியத்தை உயிரணுவின் புன்வெற்றிடத்துக்குள் தள்ளும் ஒரு மரபணுவை அதிகமாக வேலை செய்ய வைத்தார்கள். வேண்டாத சாமான்களை ஓர் அறைக்குள் போட்டுப் பூட்டுவதைப் போல. கடல் நீரின் உப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ள தண்ணீரில் செடி வளர்ந்து காய்த்தது. உப்பு இலையில் தங்கியது, பழத்தில் மிகக் குறைவு. அறிவியலாக அது பெரிய வேலை, பிறப்புரிமைப் பொறியியல் பாடத்தில் நான் இன்றும் சொல்லித்தருகிறேன். ஆனால் சந்தைக்கு வரவில்லை.

கிண்ணியா நானா

அதைத்தான் சொல்கிறேன். என் வயலுக்குச் சுனாமியோடு கடலே வந்தது. எல்லாரும் பத்து வருடத்துக்கு ஒன்றும் விளையாது என்றார்கள். மாரி மழை கழுவிக்கொண்டு போனது. வடிச்சல் நன்றாக இருந்த வயல்கள் சீக்கிரம் தேறின, வடிச்சல் அடைபட்ட வயல்கள் இழுபட்டன. உப்பை வெளியேற்றுவது தண்ணீர். மரபணு என்று ஓடுவதற்கு முதல் உங்கள் வட்டையின் வடிச்சல் வாய்க்காலையும் கடல்பக்கக் கதவையும் பாருங்கள். கதவு பூட்டுமா?

கொட்டியாரத்தான்

பூட்டாது நானா. பலகை உக்கிப் போய்விட்டது. போகத்துக்கு முந்திய ஆரம்பக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் சொல்கிறோம், எழுதிக்கொள்கிறார்கள்.

சோதனைக்குழாய் (உப்புவெளி, இப்போது பேராதனை)

நான் தாவர மூலக்கூற்று உயிரியல் பக்கம் வேலை செய்கிறேன். நானாவின் கேள்விக்கு ஆய்வுகூடத்துக்குள் இருந்து பதில் சொல்லலாம் என்று பார்க்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுகூடத்தில் செடி சட்டியில் நிற்கிறது. குறித்த நாளில் குறித்த அளவு உப்புக் கரைசல் ஊற்றுகிறோம். சாதாரணச் செடி சாகிறது, மாற்றிய செடி பிழைக்கிறது. படம் எடுத்துக் கட்டுரை எழுதுகிறோம். கொட்டியாரத்தான் அண்ணனின் வயலில் அப்படியா? காலையில் ஓர் உப்பு, மத்தியானம் வெயிலில் நீர் வற்றி இன்னோர் உப்பு, மேலே கச்சான் காற்று, கீழே சேறு. உப்பு, சூடு, வறட்சி மூன்றும் கூட்டாகத்தான் வரும். ஒன்றுக்குச் செடி எடுக்கும் முடிவு மற்றொன்றுக்கு எதிராகப் போகும். சூட்டில் இலைவாயைத் திறந்து நீராவி விட்டால்தான் இலை குளிரும். வறட்சியில் அதையே மூட வேண்டும்.

அதோடு, பிழைப்பது வேறு, விளைவது வேறு. ஜப்பானில் டி.ஆர்.இ.பி. என்ற ஒரு வகை மரபணுக்களை வைத்து நிறைய வேலை நடந்தது. அது ஒரு தலைமைச் சுவிட்ச். அதைப் போட்டால் வறட்சி, குளிர், உப்பு எல்லாவற்றுக்குமான தற்காப்பு மரபணுக்கள் ஒரேயடியாக விழித்துக்கொள்ளும். ஆனால் சுவிட்சை எந்நேரமும் போட்டபடி வைத்தால் செடி குள்ளமாகிவிடுகிறது. இல்லாத எதிரிக்கு முழு நாளும் காவல் இருந்தால் வளர்ச்சிக்கு என்ன மிஞ்சும்? 1999-இல் அவர்களே திருத்தம் சொன்னார்கள்: கஷ்டம் வரும்போது மட்டும் தானாக விழும் சுவிட்சோடு அதை இணைத்தால் குள்ளத்தன்மை பெரும்பாலும் போகிறது. நல்ல யோசனை. ஆனாலும், கஷ்ட காலத்தில் இலைவாயை மூடிக்கொண்டு உயிரைக் காப்பாற்றும் செடி அந்த நேரத்தில் உணவு தயாரிப்பதையும் குறைத்துவிடுகிறது. மூடைக் கணக்கு வேண்டிய விவசாயிக்கு வெறும் உயிர் போதாது.

சூழல் கஷ்டத்துக்கென்று மரபணு மாற்றிச் சந்தைக்கு வந்த பயிர்களில் பெயர் சொல்லக்கூடியவை சிலவே. ஒன்று, மண் பற்றீரியா ஒன்றின் குளிர்ப் புரத மரபணுவை ஏற்றிய அமெரிக்கச் சோளன். வறட்சிக்கானது, 2011-இல் அனுமதி, 2013-இல் விற்பனை. ஓரளவு வறட்சியில் ஓரளவு உதவும், அவ்வளவுதான். மற்றது ஆர்ஜென்டீனாவின் எச்.பி.4 கோதுமை. ராக்கேல் சான் என்ற விஞ்ஞானியின் குழு சூரியகாந்தியிலிருந்து எடுத்த மரபணு. 2020-இல் அங்கே அனுமதித்தார்கள், ஆனால் வாங்கும் நாடான பிரேசில் சம்மதிக்கும்வரை விற்கவில்லை. 2022-இல்தான் வழி திறந்தது.

வேர்கள் (தம்பலகாமம்)

நல்ல விளக்கம். ஆனால் அந்தக் கோதுமையைப் பற்றி ஒரு பாதியை விட்டுவிட்டீர்கள். அதில் குளுபோசினேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் மரபணுவும் சேர்ந்தே வருகிறது. வறட்சியைக் காட்டி வாசலைத் திறக்கிறார்கள், பின்னாலேயே களைக்கொல்லி வருகிறது. அந்த மருந்தை யார் விற்பார்கள்?

இன்னொன்று. இலங்கையில் ஐந்து வகைக் காட்டு நெல் இருக்கின்றன. அதில் ஒன்று உலகில் இங்கே மட்டும்தான். குளக்கரையிலும் வில்லுகளிலும் நிற்பதை நாங்கள் புல் என்று நினைத்து மிதித்துக்கொண்டு போகிறோம். பூச்சி எதிர்ப்பு மரபணு காட்டுக்குத் தாவுவது ஒரு விதம். உப்பும் வெள்ளமும் வறட்சியும் தாங்கும் மரபணு வயலில் நிற்கும் களை நெல்லுக்குத் தாவினால்? இப்போதே களை நெல் வயலைத் தின்கிறது. அதற்கு நாங்களே கவசம் மாட்டிவிடுவதா?

பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன் என்று எங்கள் தாத்தாமாரின் கையில் இருந்த நெல்லில் தேடாமல் வெளியே ஏன் தேட வேண்டும்? 2021-இல் ஒரே இரவில் இரசாயனப் பசளையை நிறுத்தினார்கள், அதே வருடம் நவம்பரில் திரும்ப விட்டார்கள். நான் சேதனப் பசளைக்காரிதான், ஆனால் அந்த விதத்தை எதிர்த்தேன். வயல்காரனைக் கேட்காமல் கொழும்பில் முடிவெடுத்தால் என்ன நடக்கும் என்று அப்போதே பார்த்தோம். இந்த விதைக்கும் அப்படித்தான் முடிவெடுப்பார்கள்.

கொட்டியாரத்தான்

தங்கச்சி, பச்சைப்பெருமாள் சோறு எனக்கும் விருப்பம். ஆனால் உயர்ந்து வளரும் நெல், காற்றுக்கும் மழைக்கும் சாய்ந்துவிடும். பசளை கொஞ்சம் கூடினால் இன்னும் சாயும். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு துண்டு விதைக்கலாம். உழவு இயந்திரத்துக்கும் வெட்டுக்கும் கடன் வாங்கி விதைப்பவன் அதை முழு வயலுக்கும் போட மாட்டான்.

சோதனைக்குழாய்

வேர்கள் அக்கா, களைக்கொல்லி விசயம் சரி, அதைச் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டியது. காட்டு நெல் பற்றிய பயமும் வீணான பயமில்லை. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். பக்கத்துச் செடிக்கு மகரந்தம் போவது பொதுவாக நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் களை நெல் அதே வயலில், அதே நாளில் பூக்கிறது. ஒவ்வொரு போகமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால் கணக்கு மாறும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒட்டுமுறையில் பொக்காளியிலிருந்து வந்த உப்புத் தாங்கும் குணமும் இதே வழியில் களை நெல்லுக்குத் தாவக்கூடியதே. ஏ.ரி. 354-ஐப் பற்றி யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

தாத்தாமாரின் நெல்லில் தேடு என்பதிலும் எனக்கு உடன்பாடு. உண்மையில் வென்ற கதை அதுதான். டித்வா வெள்ளத்துக்குப் பிறகு எல்லாரும் இதைப் பேச வேண்டும்.

ஒடிசாவில் எப்.ஆர்.13ஏ என்று ஒரு பழைய நெல். வெள்ளத்தில் முழுதாக மூழ்கி இரண்டு கிழமை கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் எழும்பிவிடும். சாதாரண நெல் மூழ்கியதும் மூச்சுக்காக மேலே மேலே நீளப் பார்க்கும். அந்த ஓட்டத்தில் சேமித்த மாச்சத்து முழுவதையும் செலவழித்து, தண்ணீர் வடிந்ததும் தொய்ந்து விழுந்து அழுகும். எப்.ஆர்.13ஏ அப்படிச் செய்யாது. மூழ்கிய செடியில் எதிலீன் கூடுகிறது; அதைக் கண்டதும் இதில் உள்ள சப்1ஏ என்ற மரபணு விழித்து, நீளச் சொல்லும் ஜிபரெலினை அடக்கிவிடுகிறது. செடி வளராமல் அப்படியே கிடந்து சேமிப்பைக் காக்கும்.

மரபணுவை 2006-இல் அடையாளம் கண்டார்கள். பிறகு அதை ஆய்வுகூடத்தில் ஊசி போட்டு ஏற்றவில்லை. இந்தியாவின் சுவர்ணா நெல்லோடு ஒட்டி, ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் டி.என்.ஏ.வைப் பார்த்து அந்தத் துண்டு உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தார்கள். முடிவில் கிடைத்தது சுவர்ணாவேதான், வெள்ளம் தாங்கும் துண்டு மட்டும் கூட. 2009-இல் விவசாயிகளிடம் போனது. அடுத்த போகத்துக்கு விதையை எடுத்து வைக்கலாம், அயலாருக்குக் கொடுக்கலாம். மரபணு மாற்றப் பயிர் இல்லை என்பதால் சட்டச் சிக்கலும் இல்லை.

உயிரியல் சேர்

அப்படியானால் கொட்டியாரத்தானுக்கு உப்பும் வெள்ளமும் இரண்டும் தாங்கும் இனம் ஒட்டுமுறையிலேயே செய்யலாமே?

சோதனைக்குழாய்

செய்யலாம், செய்கிறார்கள். பொக்காளியின் முதலாவது நிறமூர்த்தத்தில் உப்புக்குரிய துண்டையும் சப்1-ஐயும் ஒரே நெல்லில் சேர்க்கும் வேலைகள் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்திருக்கின்றன.

ஆனால் எங்கள் பக்கத்துக்கு ஒரு பிடி இருக்கிறது. சப்1 நாற்றுப் பிடித்து வளர்ந்த பயிரைத்தான் காக்கும். நாங்கள் நடுவதில்லை, வீசி விதைக்கிறோம். பெரும்போகத்தில் விதைத்த மறுகிழமை மழை கொட்டி வயல் மூழ்கினால், தண்ணீருக்கு அடியில் முளைக்கும் திறன் வேண்டும். அது வேறு குணம், வேறு மரபணு. மியன்மாரின் ஒரு நெல்லில் இருந்து அதை 2015-இல் அடையாளம் கண்டார்கள். மூடிய தண்ணீருக்குள் காற்றில்லாமல் மாச்சத்தைச் சீனியாக்கி முளையை நீட்ட அது உதவுகிறது. கவனித்தீர்களா, அங்கே நீள வேண்டும், இங்கே நீளக் கூடாது. "வெள்ளம் தாங்கும் நெல்" என்று ஒரே பெயரில் வாங்கினால் ஏமாந்துதான் போவோம். எந்தப் பருவத்தில், எத்தனை நாள், எத்தனை ஆழம் என்று கேட்க வேண்டும். கதிர் வந்தபிறகு மூழ்கினாலோ, அரை ஆளுயரத் தண்ணீர் மாதக் கணக்கில் நின்றாலோ சப்1 கைகொடுக்காது.

கந்தளாய்ப் போதனாசிரியர் (ஓய்வு)

இத்தனை நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் பக்கம் உப்பு குறைவு, சூடுதான் பிரச்சினை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சப்பி விழுந்த சிறுபோகங்களை நான் பார்த்திருக்கிறேன். விவசாயி மருந்து பிழை என்பார், கடைக்காரர் விதை பிழை என்பார். உண்மையில் நெல் பூ விரிவது காலை ஒன்பதுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில். அந்த நேரம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் சரியாகச் சிந்தாது, மணி பிடிக்காது. குடலைப் பருவத்தில் பயிரைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கதிர் நிமிர்ந்து நிற்கும்போதுதான் விளங்கும், கனமுள்ள கதிர் தலை குனிய வேண்டுமே.

இதற்கும் காட்டு நெல்லில் மருந்து இருக்கிறது. ஒரு காட்டு நெல் விடியப்புறத்திலேயே பூக்கும். அந்தக் குணத்தின் துண்டை ஐ.ஆர். 64 நெல்லில் ஏற்றிப் பூக்கும் நேரத்தை ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். சூட்டைத் தாங்கவில்லை, சூட்டுக்கு முன்னால் வேலையை முடித்துக்கொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது. பி.ஜி. 250-உம் அப்படித்தான், இரண்டரை மாதத்தில் விளைந்து வறட்சி வருவதற்குள் கழன்றுவிடும்.

கொட்டியாரத்தானுக்கு ஒரு கணக்கு. மண்ணின் உப்பை மின்கடத்துதிறனாக அளப்போம், அலகு மீற்றருக்கு டெசிசீமன்ஸ். சாதாரண நெல்லுக்கு 3 வரை பாதகமில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சலில் ஏறத்தாழ 12 சதவீதம் போகும். 6 என்றால் மூன்றில் ஒன்றுக்கு மேல் போய்விட்டது. உப்புத் தாங்கும் இனம் இந்த 3-ஐக் கொஞ்சம் மேலே தள்ளும். கடல் நீர் கிட்டத்தட்ட 50. கதவு திறந்து கடல் உள்ளே வந்தால் எந்த மரபணுவும் நிற்காது. நானா சொன்னதும் சோதனைக்குழாய்ப் பிள்ளை சொன்னதும் எதிரெதிர்க் கருத்தல்ல. இனம் உங்களுக்கு ஓரிரு அலகு அவகாசம் தரும், மிச்சத்தை வாய்க்கால்தான் செய்ய வேண்டும்.

கிண்ணியா நானா

பாருங்கள், ஓய்வு பெற்றாலும் அலுவலர் அலுவலர்தான்.

சரி, மூன்றாவது கேள்வியை ஒருவரும் தொடவில்லை. சட்டம்?

சோதனைக்குழாய்

இலங்கையில் மரபணு மாற்றப் பயிர் எதுவும் வணிகமாக விதைக்கப்படுவதில்லை. உணவுச் சட்டத்தின் கீழ் 2006-இல் கொண்டுவந்த ஒழுங்குவிதிகளின்படி, மரபணு மாற்றிய உணவைச் சுகாதாரத் துறையின் அனுமதியின்றி இறக்கவோ விற்கவோ முடியாது. உயிரியல் பாதுகாப்பு பற்றிய கார்ட்டஜீனா உடன்படிக்கையிலும் நாங்கள் இருக்கிறோம். ஆகவே கண்டல் மரபணு நெல் நாளைக்கே தயார் என்றாலும் கொட்டியாரத்தான் அண்ணனின் கைக்கு வர நீண்ட பாதை.

ஆனால் கேள்வியே இப்போது இடம் மாறிவிட்டது. 2025 மே மாதம் இந்தியா இரண்டு நெல் இனங்களை அறிவித்தது. இரண்டும் மரபணுத் திருத்தம், வெளி மரபணு எதுவும் மிஞ்சவில்லை. ஒன்று கமலா, சம்பா மசூரியில் இருந்து. மற்றது பூசா டி.எஸ்.டி. நெல் 1, எம்.டி.யு. 1010-இல் இருந்து. எங்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். நெல்லில் டி.எஸ்.டி. என்று ஒரு மரபணு இருக்கிறது. அது வேலை செய்தால் இலைவாய்கள் தாராளமாகத் திறந்திருக்கும். கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் அதைக் கெடுத்துவிட்டால் செடி தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கும், வறட்சியையும் உப்பையும் கூடத் தாங்கும். ஒன்றைச் சேர்க்கவில்லை, இருந்ததை நிறுத்தினார்கள். இப்படியான மாற்றம் இயற்கையிலும் நடக்கக்கூடியது என்று சொல்லி, 2022-இல் இந்தியா இவ்வகைத் திருத்தங்களை மரபணு மாற்ற விதிகளின் பெரும்பகுதியிலிருந்து விலக்கியது.

வேர்கள்

கத்தரிக்கோலால் வெட்டினால் மாற்றம் இல்லை, ஊசியால் தைத்தால் மாற்றம். நல்ல நியாயம். வெட்டிய இடம் தவிர வேறெங்கும் வெட்டு விழவில்லை என்று யார் பார்த்தது? அந்தத் தரவை வெளியார் பார்க்கலாமா? கிரிஸ்பர் காப்புரிமை யார் கையில்?

சோதனைக்குழாய்

முக்கிய காப்புரிமைகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடமும் ஆய்வு நிறுவனங்களிடமும் உள்ளன. ஆராய்ச்சிக்கு விடுவார்கள், விதையாக விற்கப்போனால் உரிமம் கேட்பார்கள். அந்தப் பயத்தில் உங்களோடு நிற்கிறேன். வேறெங்கும் வெட்டு விழுந்ததா என்பதை முழு மரபணுத் தொகுதியையும் வாசித்துப் பார்க்கலாம், அது இப்போது பெரிய செலவுமில்லை. தரவைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்பது நியாயம். ஆனால் "எல்லாம் மரபணு மாற்றம்தான், எதுவும் வேண்டாம்" என்று ஒரே கதவால் அடைத்தால், பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் எங்கள் ஆட்களே எங்கள் நெல்லில் திருத்திக் கொண்டுவரக்கூடியதையும் அடைக்கிறோம். கன்னொறுவை மரபுவள நிலையத்தில் எங்கள் பழைய நெல்லெல்லாம் குளிரில் இருக்கிறது. அதில் எந்த மரபணு எதைச் செய்கிறது என்று நாங்கள் பார்க்காவிட்டால் வேறு யாராவது பார்ப்பார்கள்.

வேர்கள்

கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன். மற்றதற்கு இன்னும் சண்டை பிடிப்பேன்.

புதிய உறுப்பினர்

இந்திய உப்பு நெல் விதை என்னிடம் கொஞ்சம் உண்டு. வேண்டியவர்கள் தனிச் செய்தியில்

மட்டுறுத்துநர்

மேலே வந்த விற்பனைப் பதிவு நிறுத்தப்பட்டது, கணக்கும் முடக்கப்பட்டது. அனுமதியற்ற விதையோடு என்ன நோயும் என்ன களை நெல்லும் வரும் என்று யாருக்கும் தெரியாது. விவாதம் தொடரட்டும்.

கிண்ணியா நானா

இதுதான் நான் பயந்தது. சட்டம் பேசிக்கொண்டிருக்கும், விதை வள்ளத்தில் வந்துவிடும்.

கொட்டியாரத்தான்

எல்லாருக்கும் நன்றி. எனக்கு விளங்கியது: கண்டல் நெல்லுக்குக் காத்திருந்தால் கிழவனாகிவிடுவேன். வருகிற சிறுபோகம் கீழ்த் துண்டு முழுக்க ஏ.ரி. 354. மேல் வயலில் வழமைபோல. போதனாசிரியர் ஐயா, அந்த உப்பளவை எப்படி, எங்கே பார்ப்பது? ஒரு தடவை ஒரு கடையில் மண்ணைக் கொடுத்தேன். பார்க்காமலே "ஜிப்சம் போடு" என்று மூடை கட்டித் தந்தார்கள். போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை.

கந்தளாய்ப் போதனாசிரியர் (ஓய்வு)

ஜிப்சம், மண்துணிக்கையில் சோடியம் ஒட்டிக்கொண்டு தண்ணீர் இறங்காத களர் மண்ணுக்கு. உங்களுடையது கடல் உப்பு, அதைக் கழுவ நல்ல தண்ணீரும் வடிச்சலும் வேண்டும். விற்கிறவரிடம் மருத்துவம் கேட்டால் அப்படித்தான்.

மண் எடுப்பதென்றால் மழை பெய்த கையோடு எடுக்காதீர்கள், உப்பு கீழே இறங்கியிருக்கும். துண்டின் தலைப்பு, நடு, கடை என்று மூன்று இடத்தில் ஒரு சாண் ஆழம் வரை எடுத்து வேறுவேறு பையில் போட்டு எழுதுங்கள். பொருக்கை மட்டும் வழித்து வர வேண்டாம், பயப்படுகிற எண் வரும். வாய்க்கால் தண்ணீரும் ஒரு போத்தல், கடல் பொங்கும் நேரத்தில் ஒன்று, வற்றும் நேரத்தில் ஒன்று. கமநல சேவைகள் நிலையத்துக்கு வரும் விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், அளக்கும் ஒழுங்கு செய்து தருவார். முளைத்து மூன்று இலை வரும் காலமும் பூக்கும் காலமும்தான் நெல் உப்புக்கு மிகவும் பயப்படும். விதைப்புத் திகதியை அந்த இரண்டும் ஆறு வற்றும் கிழமைகளில் விழாதபடி முன்னால் தள்ளப் பாருங்கள். முழு வட்டையும் சேர்ந்து தள்ளினால்தான் தண்ணீர் விடுவார்கள்.

கிண்ணியா நானா

போத்தலையும் பையையும் ஆரம்பக் கூட்டத்துக்கே கொண்டு வாருங்கள் தம்பி. அதிகாரிகளுக்கு முன்னால் மேசையில் வைப்போம். எனக்கு அங்கே வயல் இல்லை, ஆனால் உங்கள் வட்டைத் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானை என் மச்சான்தான். கதவுப் பலகை விசயத்தை அவரைக் கொண்டு முதலாவதாகவே எடுக்க வைக்கிறேன்.

கொட்டியாரத்தான்

அவர்தான் போன முறையும் எழுதிக்கொண்டவர் நானா. சரி, கொண்டு வருகிறேன்.